ஆர்.சி. பந்தயக் காரின் 17.5 டர்ன் மோட்டார்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மின்சார ஆர்.சி. (ரேடியோவால் இயக்கப்படும் பொம்மை அளவு) கார்ப் பந்தயங்களின் ஸ்டாக் பிரிவில் போட்டியாளர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே தரமுள்ள மோட்டாரைத்தான் பயன்படுத்துகிறார்கள். 540 அளவிலான, சென்சார் பொருத்திய பிரஷ்லெஸ் மோட்டார், 17.5 டர்ன் (கம்பி சுற்றப்பட்ட எண்ணிக்கை) கம்பிச் சுற்று, 2 செல் லிப்போ பேட்டரி, தன் பங்குக்கு டைமிங் (மின்னோட்டத்தை முன்கூட்டியே மாற்றும் அளவு) எதையும் சேர்க்காத இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) ஆகியவை அந்தப் பிரிவின் பொதுவான அமைப்பு. இ.எஸ்.சி. இந்த நிலையில் இருப்பதை அதன் விளக்கு மினுக்கிக் காட்டுவதால் இதற்குப் பிளிங்கி என்ற பெயர் வந்தது. அமெரிக்காவின் ரோர், பிரிட்டனின் பி.ஆர்.சி.ஏ. போன்ற அமைப்புகள் அங்கீகரிக்கப்பட்ட மோட்டார்களின் பட்டியலை வெளியிடுகின்றன. அப்படியிருந்தும் நேர்ப்பாதையின் முடிவில் ஒரு கார் இன்னொன்றை முந்துகிறது என்றால், வித்தியாசம் பெரும்பாலும் மோட்டாரின் விலையில் இல்லை. மோட்டார் தண்டிலுள்ள சிறு பற்சக்கரமான பினியனின் பல் எண்ணிக்கையிலும், மோட்டாரின் முனை மூடியான எண்ட்பெல்லின் டைமிங்கிலும், காரின் சக்கரங்கள் எவ்வளவு தடையின்றிச் சுழல்கின்றன என்பதிலும்தான் இருக்கிறது.

ஆகவே இந்த வழிமுறை முழுவதும் ஒரே வரிசையைப் பின்பற்றுகிறது. முதலில் சக்கரம் முதல் பினியன் வரையுள்ள இயந்திரத் தடைகளைப் பார்க்க வேண்டும்; அடுத்துப் பினியனை மாற்ற வேண்டும்; அதற்கும் பிறகே டைமிங்கைத் தொட வேண்டும். புதிய மோட்டார் வாங்குவது கடைசி வழி. ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனெனில் பினியனையும் டைமிங்கையும் ஒரே நேரத்தில் மாற்றியவருக்குக் கார் வேகமானாலும் காரணம் தெரியாது, மெதுவானாலும் தெரியாது.

தொடங்கும் முன்: மோட்டார் தேர்வும் பல் விகிதமும்

டர்ன் எண் குறையக் குறைய மோட்டார் அதிக வேகத்தில் சுழலும், அதிக மின்னோட்டத்தையும் இழுக்கும். 21.5 டர்ன் மோட்டார் சாதுவானது, 17.5 டர்ன் நடுத்தரமானது, 13.5 டர்ன் மோட்டாருக்கு ஓட்டுபவரின் விரல் பழகியிருக்க வேண்டும், 6.5 டர்னுக்குக் கீழே உள்ளவை மாடிஃபைடு பிரிவுக்கு உரியவை. நீங்கள் ஓட்டப்போகும் பிரிவின் விதியைப் படிக்காமல் மோட்டார் வாங்க வேண்டாம். ஒரே டர்ன் எண்ணுக்குள்ளும் ரோட்டர் (மோட்டாரினுள் சுழலும் காந்தப் பகுதி) தேர்வு உண்டு: வலுவான காந்தமுள்ள ரோட்டர் இழுவிசையைக் கூட்டி உச்சச் சுழற்சியைக் குறைக்கும் என்பதால் வளைவுகள் நெருங்கிய டிராக்குக்கும் எடை மிகுந்த காருக்கும் பொருந்தும், நீண்ட நேர்ப்பாதையில் ஓடும் இலகுவான காருக்குச் சற்று வலுக்குறைந்த ரோட்டர் பொருந்தும்.

மொத்தப் பல் விகிதத்தைக் கணக்கிடத் தெரியாமல் எந்த அறிகுறியையும் சரியாகப் படிக்க முடியாது. பினியனோடு இணையும் பெரிய பற்சக்கரமான ஸ்பர் கியரின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்து, காரின் உள் விகிதத்தால் (ஸ்பருக்கும் சக்கரத்துக்கும் இடையிலுள்ள விகிதம்) பெருக்க வேண்டும். உள் விகிதம் 2.6 உள்ள ஒரு பின்சக்கர இயக்கப் பக்கியில் (கரடுமுரடான டிராக்குக்கான கார்) 72 பல் ஸ்பரும் 31 பல் பினியனும் இருந்தால் விகிதம் ஏறத்தாழ 6.04. பினியனை 32 ஆக்கினால் 5.85, 30 ஆக்கினால் 6.24. அதாவது இந்த அளவில் ஒரு பல் என்பது சுமார் 3 சதவீத மாற்றம். எண் குறைந்தால் உச்ச வேகம் கூடும், மோட்டாரின் மீதான சுமையும் கூடும்.

வேகத்தையும் இதே கணக்கால் மதிப்பிடலாம். டூரிங் காரின் டயர் விட்டம் 63 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 198 மி.மீ. விகிதம் 4 ஆகவும் மோட்டார் நிமிடத்துக்கு 17,000 சுற்றாகவும் இருக்கும்போது சக்கரம் 4,250 முறை சுழலும். கார் மணிக்கு ஏறத்தாழ 50 கி.மீ. வேகத்தில் செல்லும். டயர் தேய்ந்து விட்டம் 2 மி.மீ. குறைந்தாலே இந்த வேகமும் 3 சதவீதம் குறைந்துவிடும் என்பதால், பழைய டயரோடு ஓடும்போது ஒரு பல் கூடுதலான பினியன் போடுவது கணக்குக்கு ஒத்த செயல்தான்.

அறிகுறி: ஓட்டம் முடிந்ததும் மோட்டார் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது

மற்ற எல்லா அறிகுறிகளும் ஏதோ ஒரு வகையில் இதனோடு தொடர்புள்ளவை என்பதால், இதை நிதானமாகப் பார்ப்போம். 5 நிமிட ஓட்டத்துக்குப் பின் 65 முதல் 70 டிகிரி செல்சியஸ் என்பது கவலையில்லாத நிலை. 80 டிகிரியைத் தாண்டினால் அடுத்த ஓட்டத்துக்கு முன் ஏதாவது மாற்றியே ஆக வேண்டும். காரணம் வெறும் பயம் அன்று. 25 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குப் போகும்போது செம்புக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 23 சதவீதம் உயர்கிறது. அதே நேரத்தில் ரோட்டரின் நியோடிமியம் காந்தம் தன் வலுவில் 6, 7 சதவீதத்தை இழக்கிறது. காந்தம் வலுக்குறைந்ததால் அதே இழுவிசைக்கு அதிக மின்னோட்டம் தேவைப்படுகிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பமோ நான்கு மடங்காகிறது. இப்படிச் சூடே சூட்டை வளர்க்கிறது. ஓரளவு வரை காந்தத்தின் இழப்பு ஆறியதும் மீண்டுவிடும். அந்த அளவைத் தாண்டினால் இழந்தது இழந்ததுதான்.

அளவெடுப்பதிலேயே பலர் தவறுகிறார்கள். அகச்சிவப்பு வெப்பமானி பளபளப்பான அலுமினியப் பரப்பின் மீது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். மோட்டார் உருளையின் ஓரிடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, எப்போதும் அந்த இடத்தையே அளக்க வேண்டும். அல்லது எண்ட்பெல்லின் திறப்பு வழியாகக் கம்பிச் சுற்றை நேரடியாகக் குறிபார்க்க வேண்டும். லேசர் புள்ளி விழும் இடம் மட்டுமே அளக்கப்படுவதில்லை. அதைச் சுற்றியுள்ள பரப்பும் சேர்ந்தே அளக்கப்படுகிறது என்பதால், வெப்பமானியை மிக அருகில் பிடிக்க வேண்டும். கார் நின்றவுடன் ஒரு முறையும், ஒரு நிமிடம் கழித்து இன்னொரு முறையும் அளந்து பாருங்கள். காற்றோட்டம் நின்றுவிட்டதால் கம்பிச் சுற்றில் தேங்கிய சூடு வெளியே வந்து, இரண்டாம் அளவு முதலாவதைவிடக் கூடுதலாக இருக்கும். மோட்டார் உள்ளே அனுபவித்ததற்கு இந்த இரண்டாம் அளவே நெருக்கமானது.

இனிக் காரணத்தைப் பிரித்தறிய வேண்டும். மோட்டார் சுடுகிறது, வளைவிலிருந்து வெளியேறும்போது காரும் சோம்பலாக இருக்கிறது, நேர்ப்பாதை முடியும் வரை வேகம் ஏறிக்கொண்டே இருக்கிறது என்றால், பினியன் பெரிதாகிவிட்டது என்று பொருள். டாப் கியரில் மேடு ஏறும் பைக்கின் நிலைதான் இது. மோட்டார் தனக்கு உகந்த சுழற்சிக்கு வரவே முடியாமல் நெடுநேரம் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. ஒரு பல் குறைத்து ஓட்டி, மறுபடி அளவெடுங்கள்.

மோட்டார் சுடுகிறது, ஆனால் கார் நேர்ப்பாதையின் பாதியிலேயே உச்சத்தைத் தொட்டுக் கீச்சென்று கத்துகிறது என்றால், பிழை எதிர்த்திசையில் இருக்கிறது. டைமிங் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டிருக்கலாம், அல்லது பினியன் மிகச் சிறியதாக இருக்கலாம். மிகுந்த சுழற்சியில் ஸ்டேட்டரின் (கம்பி சுற்றிய, சுழலாத பகுதியின்) இரும்பிலும் இழப்பு ஏற்படுவதால், சுமை குறைவாக இருந்தாலும் மோட்டார் சுடும். பினியனைச் சிறிதாக்கினால் சூடு எப்போதும் குறையும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழிதவறுகிறார்கள்.

பல் விகிதமும் டைமிங்கும் போன வாரம் இருந்தபடியே இருக்க, சூடு மட்டும் கூடியிருக்கிறது என்றால், மோட்டாரை விட்டுவிட்டுக் காரைப் பாருங்கள். பினியனை ஸ்பரிலிருந்து விலக்கி வைத்து, சக்கரங்களைக் கையால் சுழற்றினால் அவை தடங்கலின்றிச் சுற்றி மெதுவாக நிற்க வேண்டும். கார்ப்பெட் டிராக்கில் ஓடிய கார்களில் அச்சுக்கும் பேரிங்குக்கும் இடையே நூலிழைகள் சுற்றிக்கொண்டிருக்கும்; மண் டிராக்கில் ஓடியவற்றில் பேரிங்கினுள் தூசி புகுந்திருக்கும். பெல்ட் இறுக்கம், டிஃபரன்ஷியல் பேரிங், ஸ்பர் மீது பினியன் அழுத்தும் அளவு ஆகியவற்றையும் சரிபாருங்கள். வெயில் நாளில் தார்த்தளத்தின் மேல் ஓடிய காரை, குளிரூட்டிய அரங்கில் ஓடிய காரின் அளவோடு ஒப்பிடக் கூடாது. வெளிக்காற்று எத்தனை டிகிரி கூடுதலோ, மோட்டாரும் ஏறத்தாழ அத்தனை டிகிரி கூடுதலாகவே காட்டும். ஆகவே குறிப்பேட்டில் மோட்டார் சூட்டுக்குப் பக்கத்திலேயே அன்றைய காற்றின் வெப்பநிலையையும் எழுதுங்கள்.

அறிகுறி: நேர்ப்பாதையில் மற்ற கார்கள் முந்திச் செல்கின்றன, மோட்டாரோ குளிர்ந்தே இருக்கிறது

இது நல்ல செய்தி, ஏனெனில் கையில் இடம் இருக்கிறது. ஓட்டத்துக்குப் பின் 50 டிகிரி செல்சியஸைக்கூட எட்டாத மோட்டாரிடம் இன்னும் வேலை வாங்கலாம். ஒரு பல் கூடுதலான பினியனைப் பொருத்தி, மோட்டாரின் ஒலியைக் கவனியுங்கள். நேர்ப்பாதையில் மோட்டாரின் சுருதி ஏறிக்கொண்டே வந்து, பிரேக் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்பு நிலைத்தால், விகிதம் டிராக்குக்குப் பொருந்திவிட்டது. நெடுந்தூரத்துக்கு ஒரே சுருதியில் நின்றால் இன்னொரு பல் கூட்டலாம். ஒவ்வொரு பல்லுக்கும் சூட்டையும் லேப் நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள். நேர்ப்பாதையில் கிடைத்ததை வளைவுகளில் இழந்து, லேப் நேரம் கூடத் தொடங்கினால் முந்தைய பல்லுக்குத் திரும்புங்கள்.

விகிதம் இப்படி நிலைப்பட்ட பின்பே டைமிங்குக்கு வர வேண்டும். எண்ட்பெல்லின் திருகுகளைச் சற்றே தளர்த்திச் சென்சார் பலகையைத் திருப்பும்போது, ரோட்டரின் நிலைக்கு எவ்வளவு முன்னதாக மின்னோட்டம் மாற்றப்படுகிறது என்பது மாறுகிறது. டைமிங் கூடினால் உச்சச் சுழற்சியும் மின்னோட்டமும் கூடும், கீழ்நிலை இழுவிசை குறையும். மோட்டாரின் மேல் பொறிக்கப்பட்ட டிகிரிக் கோடுகளை ஒப்பீட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்; ஒரு நிறுவனத்தின் 40 டிகிரியும் இன்னொரு நிறுவனத்தின் 40 டிகிரியும் ஒன்றல்ல. மோட்டார் அனலைசர் இருந்தால், பினியனைக் கழற்றிவிட்டு, ஒரே மின்னழுத்தத்தில், 2 அல்லது 3 டிகிரி இடைவெளியில் சுழற்சியையும் மின்னோட்டத்தையும் குறித்துக்கொண்டே செல்லுங்கள். தொடக்கத்தில் இரண்டும் சேர்ந்தே ஏறும். பிறகு ஒரு கட்டத்தில் மின்னோட்டம் வேகமாக ஏறும், சுழற்சியோ கொஞ்சமாகத்தான் ஏறும். அந்த இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும் என்பது என் கருத்து. அதையும் தாண்டிப் பெறும் வேகத்தின் விலையைப் பந்தயத்தின் நான்காவது நிமிடத்தில் கொடுக்க நேரும். டைமிங்கை ஏற்றிய பின் சூடு வரம்பை நெருங்கினால், பினியனில் ஒரு பல்லைக் குறைத்துச் சமன்செய்யுங்கள்.

அறிகுறி: முதல் இரண்டு நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு வேகம் தளர்கிறது

ஓட்டத்தின் முடிவில் மோட்டார் 80 டிகிரிக்கு மேல் இருந்தால் மேலே சொன்ன சூட்டுச் சுழல்தான் காரணம். மோட்டார் மிதமாக இருந்தால் பேட்டரியின் பக்கம் திரும்புங்கள். முழுதாக ஏற்றிய 2 செல் லிப்போ 8.4 வோல்ட் காட்டும். ஆனால் பழைய பேட்டரியின் உள்தடை கூடியிருந்தால், த்ராட்டிலை அழுத்தும்போது அந்த மின்னழுத்தம் சரியும். நல்லதென்று தெரிந்த இன்னொரு பேட்டரியை மாற்றிப் போட்டு ஓட்டுவதே விரைவான சோதனை. அதன் பிறகும் தளர்ச்சி இருந்தால், ஓட்டம் முடிந்த உடனே பேட்டரி பிளக்கையும் சோல்டர் இணைப்புகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மூன்று மோட்டார் கம்பிகளில் ஒன்றின் முனை மட்டும் மற்ற இரண்டைவிடச் சுட்டால், அந்த சோல்டர் சரியாகப் பிடிக்கவில்லை. மங்கலாகவும் சொரசொரப்பாகவும் தெரியும் இணைப்பை முழுவதும் உருக்கி, புதிதாக சோல்டர் செய்ய வேண்டும். கார் தளராமல் திடீரென நின்றே போனால், அது இ.எஸ்.சி.யின் வெப்பப் பாதுகாப்பாகவோ குறைந்த மின்னழுத்தத் துண்டிப்பாகவோ இருக்கும். எது என்பதை விளக்கின் மினுக்கல் முறையைக் கையேட்டோடு ஒப்பிட்டு அறியலாம்.

அறிகுறி: புறப்படும்போது மோட்டார் உதறுகிறது, அல்லது ஓட்டத்தின் நடுவே தடுமாறுகிறது

ஏறத்தாழ எப்போதும் குற்றவாளி சென்சார் கேபிள்தான். அதில் ஆறு கம்பிகள் உள்ளன: ஒன்று தரை இணைப்பு, மூன்று கட்டங்களின் நிலையைச் சொல்லும் மூன்று கம்பிகள், ஒன்று வெப்பநிலை, ஒன்று 5 வோல்ட் மின்சாரம். கேபிளைக் கழற்றும்போது பிளக்கைப் பிடிக்காமல் கம்பிகளைப் பிடித்து இழுப்பதால், பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் உலோக முனை மெல்லத் தளர்ந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

காரை ஸ்டாண்டின் மேல் வைத்து, சக்கரங்கள் காற்றில் இருக்க, த்ராட்டிலை மிக மெல்ல அழுத்திச் சக்கரத்தை ஊர்ந்து சுழல விடுங்கள். அந்த நிலையில் கேபிளின் இரு முனைகளையும் ஒவ்வொன்றாக லேசாக ஆட்டிப் பாருங்கள். சுழற்சி நடுங்கினால் அந்த முனையே பிழையுள்ளது. கேபிளைப் பழுது பார்ப்பதைவிடப் புதிதாக மாற்றுவதே பாதுகாப்பு. பெட்டியில் ஒரு மாற்றுக் கேபிள் எப்போதும் இருக்கட்டும். பல இ.எஸ்.சி.க்கள் சென்சார் சமிக்ஞை அறுந்தால் சென்சார் இல்லாத முறைக்குத் தாமாகவே மாறிவிடுவதால், கார் ஓடிக்கொண்டுதான் இருக்கும், புறப்பாட்டில் மட்டும் உதறும். இதைப் பினியன் பெரிதாகிவிட்டதன் விளைவு என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

புதிதாக சோல்டர் செய்த மோட்டார் முதல் ஓட்டத்திலேயே உதறினால், ஏ, பி, சி என்று குறிக்கப்பட்ட மூன்று கம்பிகளும் இ.எஸ்.சி.யின் அதே எழுத்துகளோடு இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சென்சார் இல்லாத மோட்டாரில் எந்த இரு கம்பிகளையும் மாற்றிச் சுழலும் திசையைத் திருப்பலாம். சென்சார் உள்ள மோட்டாரில் அப்படிச் செய்யவே கூடாது. கார் பின்னோக்கி ஓடினால் இ.எஸ்.சி.யின் அமைப்பில்தான் திசையை மாற்ற வேண்டும்.

அறிகுறி: கையால் சுழற்றும்போது மோட்டார் கடினமாகத் திரும்புகிறது, அல்லது உள்ளே உரசும் ஒலி கேட்கிறது

மூன்று கம்பிகளையும் கழற்றி, ஒன்றையொன்று தொடாதபடி வைத்துத் தண்டைத் திருப்புங்கள். காந்தத்தின் ஈர்ப்பால் சீரான இடைவெளியில் வரும் சிறு தடங்கல் இயல்பானது. வலுவாக எதிர்த்துப் பிசுபிசுவென்று திரும்பினால், சுற்றுகள் உள்ளே ஒன்றோடொன்று தொட்டுக் குறுஞ்சுற்று ஏற்பட்டிருக்கலாம். இதற்கு அடிக்கடி காரணமாவது, மோட்டாரைக் காரில் பொருத்தும் எம்3 திருகு தேவையைவிட நீளமாக இருந்து, உள்ளே நுழைந்து கம்பிச் சுற்றின் பூச்சைக் கிழித்துவிடுவதுதான். இதற்குச் சரிசெய்யும் வழி இல்லை. ஸ்டேட்டரை மாற்ற வேண்டும்.

உரசல் ஒலிக்குப் பேரிங்கை முதலில் சந்தேகியுங்கள். தண்டை முன்னும் பின்னும் அசைத்தால் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை அசைவு இருக்கலாம். அதைவிடக் கூடினால் ஷிம் (மெல்லிய இடைவளையம்) சேர்க்க வேண்டும். அசைவே இல்லையென்றால், சூடேறி விரியும் ரோட்டர் பேரிங்கை அழுத்தும். ரோட்டரை வெளியே எடுக்கும்போதும் உள்ளே வைக்கும்போதும் தண்டை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்; காந்தம் இழுத்து ஸ்டேட்டரில் மோதினால் அதன் விளிம்பு சிதறும், அந்தத் துகள்கள் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஒலி மோட்டாரிலிருந்து வராமல் கியரிலிருந்து வந்தால், பினியனுக்கும் ஸ்பருக்கும் இடையே மெல்லிய காகிதத் துண்டைச் செருகி இறுக்கிவிட்டு, காகிதத்தை எடுத்துவிடுங்கள். ஸ்பரை முழுச் சுற்றும் திருப்பி, எந்த இடத்திலும் இறுகாமல் நூலளவு தளர்வு இருப்பதை உறுதி செய்யுங்கள்.

அறிகுறி: பெஞ்சில் முன்பைவிட வேகமாகச் சுழல்கிறது, டிராக்கிலோ இழுவை இல்லை

பலரைக் குழப்பும் அறிகுறி இது. ரோட்டரின் காந்தம் நிரந்தரமாக வலுவிழந்துவிட்டால், அதே மின்னழுத்தத்திலும் அதே டைமிங்கிலும் மோட்டார் சுமையின்றிச் சுழலும்போது முன்பைவிட வேகமாகவே சுழலும், ஏனெனில் சுழற்சியை எதிர்த்து எழும் மின்னழுத்தம் குறைந்துவிட்டது. அந்த எண்ணைப் பார்த்து மோட்டார் மேம்பட்டுவிட்டது என்று மகிழ்வது இயல்பு. ஆனால் ஒரு ஆம்பியருக்குக் கிடைக்கும் இழுவிசையும் அதே விகிதத்தில் குறைந்துவிட்டதால், கார் வளைவிலிருந்து எழும்பாது, மோட்டார் விரைவில் சுடும். மோட்டார் புதிதாக இருந்தபோது எழுதி வைத்த சுழற்சி எண்ணும் மின்னோட்ட எண்ணும் இங்கேதான் பயன்படும். இரண்டுமே கூடியிருந்தால் ரோட்டரை மட்டும் மாற்றினால் போதும். ஸ்டேட்டரும் சென்சார் பலகையும் நன்றாக இருக்கும்போது முழு மோட்டாரையும் வாங்குவது வீண்செலவு. மாற்றும் ரோட்டர் உங்கள் பிரிவின் விதிக்குள் வருகிறதா என்பதை வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். புதிய ரோட்டர் போட்ட பின் பழைய பினியனோடு நேரே பந்தயத்துக்குப் போகாமல், டைமிங்கை மீண்டும் அளந்து, இரண்டு பல் சிறிய பினியனோடு தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்தின் சூட்டையும் பார்த்துப் பார்த்து மேலேறுங்கள்.